சம்பந்திக்கு முதலில் வந்த விசா

தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்றவளுடைய பொறுப்பு. இந்த விதி எந்த அரசிதழிலும் வெளியானதில்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் இதைத் திருத்த முயன்றதும் இல்லை. மற்ற சடங்குகளை "நமக்கு எதுக்கு அதெல்லாம்" என்று ஒதுக்கிவிடுகிற எங்கள் மாதா கோயில் பங்குக் குடும்பங்கள்கூட இதை மீறி நான் பார்த்ததில்லை. ஏழாம் மாதம் பெண் தாய் வீட்டுக்கு வருவாள். மாப்பிள்ளையைப் பெற்ற அம்மாள் தொட்டில் போடும் நாளில் வந்து, ஆரஞ்சுப் பழமும் அபிப்பிராயமும் கொடுத்துவிட்டுப் போவாள்.

என் மகளுக்கு இந்த விதி செல்லாமல் போயிற்று. அவள் கணவனோடு வளைகுடாவில் இருந்தாள். நான்காம் மாதத்திலேயே அங்கிருந்த டாக்டர், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, விமானத்தில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் வர முடியாது என்றால் நான் போக வேண்டும். மாப்பிள்ளை குடும்ப விசாவுக்கு மனுச் செய்வதாகச் சொன்னார். ஜூலை கடைசியில் பிரசவம். மார்ச் மாதமே நான் வேலையைத் தொடங்கினேன்.

கருவூலத் துறையில் வேலை பார்த்து, கடைசிப் பத்து வருஷம் பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதியோடு ஓய்வு பெற்றவள் நான். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே ஜெராக்ஸ் பிரதிகளோடு எனக்காக ஆட்கள் காத்திருந்த காலம் உண்டு. சாந்தோமிலும் மந்தைவெளியிலும் என் சான்றொப்பம் இல்லாமல் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் குறைவு. எனவே மாப்பிள்ளை அனுப்பிய விதிமுறைகளைப் படித்தபோது எனக்குப் பயம் எதுவும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

விண்ணப்பிப்பவர் தனக்கும் அழைப்பவருக்கும் உள்ள உறவை நிரூபிக்க வேண்டும். அழைப்பவர் மாப்பிள்ளை. அவரைப் பெற்றவளுக்கு ஒரே ஒரு தாள் போதும், மகனின் பிறப்புச் சான்றிதழ். எனக்கு இரண்டு: இவள் என் மகள் என்பதற்கு ஒன்று, என் மகள் அவருடைய மனைவி என்பதற்கு ஒன்று. இரண்டும் கோட்டையில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒரு முத்திரை, தூதரகத்தில் ஒரு முத்திரை பெற வேண்டும். ஊர் வழக்கத்தில் முதலிடம் எனக்கு; அந்த நாட்டின் கணக்கில் நான் அழைப்பவரின் மனைவி வழியாக வரும் தூரத்து உறவு.

இந்த வித்தியாசம் சம்பந்தியம்மாளுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் தி. நகரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். எப்போதும் ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவர் போலத்தான் இருப்பார்.

"அக்கா, நானும் போறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம். எனக்குத்தான் இந்தக் கோட்டை, கவுண்டர் ஒண்ணும் தெரியாது. நீங்கதான் பாத்துக் குடுக்கணும்."

தன் மகனின் பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினார். நான்காக மடித்துப் புடவைப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்த தாள். பூச்சி உருண்டை வாசனை. ஒரு மூலையில் மஞ்சள் கறை. என்னுடையவை இரண்டும் உறையில் தனித்தனியாக இருந்தன. மகளின் கல்யாணம் முடிந்த வாரமே ரங்கநாதன் தெரு முனையில் கொடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தேன். அவரிடம் எடுத்துக் காட்டவும் செய்தேன்.

"கண்ணாடி மாதிரி வெச்சிருக்கீங்களே!" என்றார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது.

அவருடைய மனுவையும் நானே எழுதினேன். அரைகுறையாக எழுதியிருக்கலாம். ஆனால் என் கையெழுத்தில் ஒரு மோசமான மனு அரசாங்க அலுவலகத்துக்குள் போவதை என்னால் சகிக்க முடியாது. பொறாமை ஒரு பக்கம் இருக்கட்டும், பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

இரண்டு பேரும் சேர்ந்து கோட்டைக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் சம்பந்தியின் கசங்கிய தாளைத் திருப்பினார், பின்பக்கம் முத்திரையை வைத்தார், உள்ளே அனுப்பினார். அடுத்து என்னுடையதை எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"ஒரிஜினல்."

"ஒரிஜினல்தான், தெரியுது. சீல எங்க வெக்கிறது? பிளாஸ்டிக் மேல வெச்சா கைக்குட்டையால தொடச்சா பூடும். லேமினேஷன் பண்ணதுக்கெல்லாம் அட்டெஸ்டேஷன் கிடையாது."

"அப்படி எழுத்துல விதி இருக்கா?"

அவர் பேனாவால் என் தலைக்குப் பின்னால் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். அறிவிப்புப் பலகையில், தட்டச்சில், நாலே வரி. வாசகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதை நானே வரைந்திருந்தாலும் அப்படித்தான் வரைந்திருப்பேன்.

வராந்தா பெஞ்சில் சம்பந்தியம்மாள் தன் புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றினார். "குடுங்கக்கா, ஓரமா நெம்பிப் பிரிச்சிடலாம்."

"வேணாம்! எழுத்தும் சேர்ந்து பிஞ்சு வந்துடும்."

"பாருங்க, எம்புள்ள சர்ட்டிபிகேட்ட நான் ஒழுங்கா வெச்சிக்கலன்னு அவரு நேத்துகூடத் திட்டினாரு. அதுவே நல்லதாப் போச்சு!"

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திருமணச் சான்றிதழுக்குப் புதுப் பிரதி கோயில் அலுவலகத்திலேயே சீக்கிரம் கிடைத்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ் அப்படியல்ல. மகள் பிறந்தது ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில். அந்த வருஷத்துப் பதிவேட்டை எடுத்துத் தேட வேண்டும். தேடுபவர் விடுப்பில் இருந்தார். அவர் வந்தபோது பதிவேடு பைண்டிங்குக்குப் போயிருந்தது. பதிவேடு வந்தபோது கோடை விடுமுறைக் கூட்டம். மே மாதம் பாதி கழிந்த பிறகே புதுத் தாள் என் கைக்கு வந்தது. இதற்குள் சம்பந்தியின் தாளை தி. நகரில் ஒரு டிராவல்ஸ்காரர் டெல்லிக்குக் கொண்டுபோய்த் திரும்பியும் கொண்டுவந்துவிட்டார். நான் கோட்டை முத்திரை வாங்கி, டெல்லிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். விதியில் டிராவல்ஸ்காரருக்கு இடம் இல்லை. ஒப்புகை அட்டை மட்டும் மிக விரைவாக வந்தது, படிக்க முடியாத ஒரு கையெழுத்தோடு.

மே மாதக் கடைசியில் சம்பந்திக்கு விசா வந்தது. என்னிடம் காட்டுவதற்காகவே இனிப்பு டப்பாவோடு வந்தார். நான் அதை இரண்டு முறை படித்தேன். தங்கும் காலம் ஒரு மாதம். அந்த நாட்டில் போய் இறங்கும் நாளிலிருந்து கணக்கு.

"எப்ப கிளம்புறீங்க?"

"வர்ற வாரம். டிக்கெட்டுக்குச் சொல்லியாச்சு."

"வேணாம், சம்பந்தியம்மா. குழந்தை ஜூலை கடைசியிலதான். இப்ப போனா ஜூலை பொறந்ததும் திரும்பிடணும். உள்ள போறதுக்கு ஆகஸ்ட் வரைக்கும் டைம் குடுத்திருக்கான். ஜூலை பத்துக்கு மேல போங்க."

"அதெல்லாம் எம்புள்ள நீட்டிச்சுக் குடுப்பான்."

"நீட்டிக்கிறது அவங்க இஷ்டம். நம்பிப் போகக் கூடாது."

அவர் டப்பாவை மூடி மேஜையில் வைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "அக்கா, மனசத் தொட்டுச் சொல்லுங்க. நான் முன்னாடி போறது உங்களுக்குப் பொறுக்கல. அதானே?"

"பொறுக்கலதான். ஆனா நான் சொல்றதும் சரிதான்."

முதல் வாக்கியத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் விமானம் ஏறினார்.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை; அன்றுதான் மகள் போன் செய்வாள். அந்த ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமைகளை நான் மறக்கப் போவதில்லை.

"அம்மா, அத்தை வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வெச்சாங்க. எத்தனை மாசத்துக்கு அப்புறம் வாந்தி எடுக்காம சாப்பிட்டேன் தெரியுமா?"

"நல்லது."

"தெனமும் தலைக்கு எண்ணெ தேய்ச்சு விடறாங்க. அவங்க கை ரொம்ப மெத்துன்னு இருக்கும்மா."

"அப்படியா."

"நீ ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கற?"

"நிமிஷத்துக்குக் காசு ஆகுதேன்னு பார்த்தேன்."

என் கை மெத்தென்று இருக்காது. அது பேனா பிடித்த கை. அவள் தலையை நான் பின்னியதெல்லாம் ஆபீஸ் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில். போனை வைத்த பிறகு அந்த வஞ்சிரக் குழம்பில் என்ன குறை இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். புளி அதிகமாக இருந்திருக்கும். தி. நகர்க்காரர்கள் புளியில் கை தாராளம்.

நீட்டிப்பு கிடைக்கவில்லை. ஜூலை முதல் வாரம் சம்பந்தி திரும்பி வந்தார். அவர் கணவருக்குக் காய்ச்சல் என்பதால் மீனம்பாக்கத்துக்கு நான்தான் போனேன். அவருக்காகப் போனேன் என்று சொல்ல மாட்டேன். அவர் முகத்தைப் பார்க்கப் போனேன். முகம் அழுது வீங்கியிருந்தது. டாக்ஸியில் நான் "சொன்னேனே" என்று சொல்லவில்லை. சொல்லாமலே அது இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. கத்திப்பாரா வரை எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அங்கே சிக்னலில் வண்டி நின்றபோது அவர் கேட்டார்: "உங்க விசா எங்க நிக்குது அக்கா?"

"தூதரகத்துல."

"அப்ப பொண்ணுக்கு இப்ப பக்கத்துல யாரு?"

எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பு எந்த மேஜையில் இருக்கும் என்று சொல்லத் தெரிந்தவளுக்கு அது தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்ட். டாக்டர் எச்சரித்த பிரசவம். நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டபடியே சம்பந்தி பிரசவத்துக்கு முந்தவில்லை. அதற்குப் பதிலாக என் மகள் தனியாக இருந்தாள். மறுநாளே, விதியில் இடம் இல்லாத அந்த டிராவல்ஸ்காரரிடம் போய் என் கோப்பைத் துரத்தச் சொன்னேன்.

ஜூலை கடைசியில், சொன்ன நாளுக்கு முன்பே, அவளுக்கு வலி எடுத்தது. மாப்பிள்ளை வேலையில் இருந்தார். எதிர் பிளாட்டில் இருந்த மலையாளி நர்ஸ் ஒருத்திதான் காரில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை கையைப் பிடித்துக்கொண்டு போனதும், குழந்தையை முதலில் வாங்கியதும் அவள்தான். ஆண் குழந்தை. இருவரும் நலம்.

செய்தி கேட்டதும் சம்பந்தியம்மாள் ஓடி வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை போனை இரண்டு பேர் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கேட்டோம்.

"குழந்தைய சேச்சிதான்மா குளிப்பாட்டறாங்க. அவங்க தொட்டாத்தான் அழாம இருக்கான்."

போனை வைத்தேன். சம்பந்தி என்னைப் பார்த்தார்.

"யாருக்கா அந்த சேச்சி?"

"நர்ஸு."

"நர்ஸுன்னா ஆஸ்பத்திரியில பாக்கட்டும். வீட்ல என்ன வேல?"

அவர் பேச்சில் எனக்கு முழு உடன்பாடு ஏற்பட்டது அன்றுதான் முதல் தடவை. காபி போட்டுக் கொடுத்தேன். பொழுது சாயும்வரை அந்த முகம் தெரியாத பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் மாதம் அங்கிருந்த கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஞானத்தாயாக நின்றது அந்த சேச்சி. வேறு யாரை நிறுத்துவார்கள்? குழந்தையை ஏந்திக்கொண்டு அவள் நிற்கும் புகைப்படத்தைப் பிறகு பார்த்தேன். பிடித்திருந்த விதத்தில் ஒரு தப்பும் இல்லை.

என் விசா வந்தது ஞானஸ்நானத்துக்கு மறுநாள், ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி.