‘அ’ என்றால் அனைவரும்

என் பெயருக்குப் பின்னால் எம்.ஃபில். என்று ஆறு வருடம் போட்டுக்கொண்டேன். பிறகு பல்கலைக்கழகத்துக்கு நானே கடிதம் எழுதி அந்தப் பட்டத்தைப் பிடுங்க வைத்தேன். அதோடு கல்லூரி வேலையும் போனது. விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள், "அடுத்தவ நோட்டைப் பாத்து எழுதுனதுக்கா இம்புட்டுத் தண்டனை?" என்று எனக்காக வருத்தப்படுவார்கள். அவர்கள் என் பக்கம் பேசும்போதுதான் எனக்கு ஆத்திரம் வரும். நான் எடுத்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் நானும் அவளும் ஒரே கல்லூரியில் தமிழில் எம்.ஃபில். சேர்ந்தோம். அவள் ராஜபாளையம், நான் ஸ்ரீவில்லிபுத்தூர். அவள் முதலில் பஸ் ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்துக்கொண்டு வருவாள். அந்தப் பைக்காக எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பாளோ, ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா ஒரு நூல் ஆலையில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை பார்த்தார். அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, ஆலையில் வேலை செய்யும் பெண்களின் வழக்குச் சொற்கள்.

என் தலைப்பு பெரியது. இந்த வட்டாரத்துத் தொழிற்சொற்கள் முழுவதும். விவசாயச் சொற்களுக்காகக் கூமாப்பட்டிக்கு ஒரே ஒரு நாள் போனேன். சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நடவு நட்டுக்கொண்டிருந்தவர்களிடம் வரப்பில் நின்றபடி நாலு கேள்வி கேட்டு, சேறு படாமல் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டேன். ஆலைச் சொற்களுக்கு அதுகூடச் செய்யவில்லை. ஆலை கேட் எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

அவளோ சங்கு ஊதும் நேரத்துக்குக் கேட்டில் போய் நிற்பாள். தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வரும் பெண்களோடு பேசிக்கொண்டே அவர்கள் தெருவரைக்கும் நடப்பாள். ஒரு நீள நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுவாள். சொல், பொருள், சொன்னவர். மூன்றாவது பத்தியில் ஆளுக்கு ஒரு எழுத்து மட்டும் குறித்திருப்பாள். எந்த எழுத்து யார் என்பது அவள் மனசுக்குள் இருந்தது.

சனிக்கிழமைகளில் நான் அவள் வீட்டுக்குப் போவேன். அவள் அம்மா முதல் ஷிப்ட் முடித்து வந்து சுடச்சுடச் சோறு போடுவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைப் பட்டினி போடுகிறார்களா என்று கேலி செய்வார். ஒருநாள் அறுந்த இரண்டு இழைகளை விரலில் வைத்து ஒரு சுண்டு சுண்டிச் சேர்த்து, என் கையில் கொடுத்து, முடிச்சு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்க்கச் சொன்னார். நான் இரண்டு முறை தடவிப் பார்த்தேன். தட்டுப்படவே இல்லை.

"இதாம்ட்டி ஊமைமுடிச்சு. இருக்கும், பேசாது" என்று சிரித்தார்.

அவர் இருமலோடு சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது அந்த இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் கோடையில் அவர் படுத்துவிட்டார். மதுரையில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் அம்மாவோடு ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். போகும்முன் நோட்டையும், எழுதி முடித்திருந்த அத்தியாயத்தையும் என்னிடம் கொடுத்தாள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், டைப் அடிக்கக் கொடுக்க வசதியாக ஒரு நல்ல பிரதி எடுத்து வைக்கச் சொன்னாள். நானும் எடுத்தேன். இரண்டு பிரதி எடுத்தேன்.

எனக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். ஆனி மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் ஒரு கல்லூரியில் வேலை நிச்சயம், வேலை நிச்சயமானால் ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. என் ஆய்வேட்டில் ஆலைச் சொற்கள் என்ற அத்தியாயம் வெறும் தலைப்பாக நின்றது. அவள் எழுதியதை அப்படியே அதில் வைத்தேன். எனக்குக் கை கூசவில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சொல்லுக்கு யாராவது பட்டா வாங்கி வைத்திருக்கிறார்களா, ஊர் பேசுகிற பேச்சுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊமைமுடிச்சு என்ற சொல்லுக்கு நேராக நோட்டில் மூன்றாவது பத்தியில் ‘அ’ என்று இருந்தது. அனைவரும் என்று எடுத்துக்கொண்டேன். "அனைத்து ஆலைகளிலும் எல்லாப் பெண்களும் வழங்கும் சொல்" என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்து எழுதினேன். அந்த அத்தியாயத்தில் என் சொந்தச் சரக்கு அது ஒன்றுதான். அதுவும் தப்பு.

ஆடியில் அவள் அம்மா இறந்துபோனார். கல்யாணப் பெண் சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். நான் ரொம்பவும் வற்புறுத்தவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, அவள் நோட்டையும் தன் பிரதியையும் வாங்கி, டைப் அடித்துக் கொடுக்க ஐப்பசி ஆகிவிட்டது. என்னுடையது முந்தியே போய்விட்டது. இரண்டும் ஒரே பரீட்சகரிடம் போயின. ஒரு வரி நீங்கலாக ஒரே அத்தியாயம் இரண்டிலும் இருந்தது. இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முந்திக் கொடுத்தவள் நான் என்பதால் பிந்திக் கொடுத்தவள்தான் திருடி என்று வாசலிலேயே முடிவாகியிருந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நோட்டை எடுத்து வைத்தாள். புரட்டிப் பார்த்துவிட்டு, நோட்டை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் ஒருவர். அதில் தேதி கிடையாது. அவள் விடவில்லை. ஊமைமுடிச்சு என்ற இடத்தைக் காட்டி, அது எந்த ஆலையிலும் யாரும் சொல்லாத சொல், தன் அம்மா தானாக உண்டாக்கிப் பேசிய சொல், ‘அ’ என்றால் அம்மா என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தலைமையாக இருந்தவர், அம்மாவை வந்து சொல்லச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அம்மா இல்லை என்று அவள் சொன்னாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "எல்லா ஆலையிலும் சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நேரில் கேட்டீர்களா?"

"கேட்டேன்" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. பொய் என்றும் சொல்ல முடியாது. அவள் வீட்டு அடுக்களையில், தட்டில் அவள் அம்மா போட்ட சோறு இருக்க, என் காதால் கேட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. நான் ஏதாவது மேற்கொண்டு சொல்வேன் என்று காத்திருப்பவளைப் போலப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஆய்வேட்டைத் தள்ளிவிட்டார்கள். மூன்று வருடம் எங்கும் பதிவு செய்யக்கூடாது என்றும் உத்தரவு. அந்த மூன்று வருடம் அவள் எதைத் தின்பாள் என்று யாரும் யோசிக்கவில்லை. வாரிசு என்று ஆலையில் அம்மாவின் இடத்தைக் கொடுத்தார்கள். அவள் ரீலிங்கில் போய் நின்றாள்.

நான் கல்லூரியில் வகுப்பு எடுத்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாணவி, தோழியின் கட்டுரையை வரிக்கு வரி பார்த்து எழுதிக் கொண்டுவந்தாள். மதிப்பெண் கிடையாது என்றேன். அவள் அழவெல்லாம் இல்லை. நாலு பக்கத்தைப் பார்த்து எழுதியதில் தோழிக்கு அப்படி என்ன குறைந்துபோயிற்று என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சோம்பேறித்தனம், நேர்மை, பிறர் உழைப்பு என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன். என்ன குறைந்துபோகும் என்று எனக்கு அல்லவா தெரியும். எழுதியவள் தன்னுடையதைத் தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அவள் சொல்லும் உண்மை பொய்யாகிப் போகும். பக்கம் எங்கும் போகாது, அங்கேயேதான் இருக்கும். அவள்தான் அதிலிருந்து போய்விடுவாள். இதற்குத்தான் பல்கலைக்கழகங்கள் தண்டிக்கின்றன. அந்த விதி சரியான விதி. அதைத் தப்பான ஆளின் கழுத்தில் மாட்டிவிட்டது நான்.

அந்த வாரமே ராஜபாளையம் போனேன். வழி கேட்டுக் கேட்டு அந்த ஆலை கேட்டுக்குப் போய் நின்றேன். சங்கு ஊதி ஷிப்ட் விட்டதும் வந்தாள். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டாள். வாய் நிறைய ஏட்டி என்று கூப்பிட்டவள். அந்த மரியாதை என்னைச் சுருக்கென்று குத்தியது.

எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பல்கலைக்கழகத்துக்கு உண்மையை எழுதப் போகிறேன், உன் பட்டத்தைக் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் டீயை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"பட்டத்தை வச்சு இனிமே நான் என்ன செய்யப் போறேன். அம்மா போன பொறவு அவிய சொன்னதுன்னு எங்கிட்ட இருந்தது அந்த ஒரு வார்த்ததான். அதையும் ஊர் வார்த்தைன்னு ஆக்கிட்டீங்க. அது எங்கம்மா சொன்னதுன்னு மட்டும் எழுதுங்க, போதும்" என்றாள்.

வீட்டுக்குப் போனால் தைரியம் போய்விடும். எனக்கு என்னைத் தெரியும். பையிலிருந்து தாளை எடுத்து அங்கேயே எழுத ஆரம்பித்தேன். நடந்ததை எழுதினேன். விசாரணையில் நான் சொன்னதை எழுதினேன். இந்தச் சொல்லுக்கு உரியவர் ஆலைத் தொழிலாளியான திருமதி என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு வருடம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அம்மா, அம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன். பெயரைக் கேட்கத் தோன்றியதே இல்லை.

தலையைக் குனிந்துகொண்டே, "ஒங்கம்மா பேரு என்ன?" என்று கேட்டேன்.

பெயரைச் சொன்னாள். எழுதினேன். டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு, நான் எழுதியதைக் குனிந்து பார்த்தாள்.

"பெரிய ற இல்ல, சின்ன ர. சரியா எழுதுங்க" என்றாள்.

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.