வட்டுக்கோட்டைக்கு ஒரு சத்தியக்கடதாசி தேடி

காலை ஏழு மணிக்குக் கோப்பாயில் எங்கள் படலைக்கு முன்னால் ஓட்டோ வந்து நின்றபோதே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பயணமென்று பார்த்தால் பெரிய பயணமில்லை. வட்டுக்கோட்டைக்குப் பதினேழு கிலோமீற்றர் வரும். நாள் முழுக்க நின்று கூட்டிக்கொண்டு வர ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று பேசியிருந்தோம். கொழும்புக்குப் போய்வருகிற ஆட்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் நான் கனடாவுக்குப் போவதும் போகாததும் அன்றைக்கு அந்தப் பதினேழு கிலோமீற்றரில்தான் கிடந்தது.

விசயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது முப்பத்தாறு. கோப்பாயில் தையல் வகுப்பு நடத்துகிறேன். என்ரை அவர் சுகந்தன், ரொறன்ரோவில் பேக்கரிப் பாண் விநியோகிக்கிற லொறி ஓட்டுகிறார். எங்கள் பக்கத்தில் கலியாணம் இரண்டு தரம் நடக்கும். முதலில் எழுத்து. பதிவாளரை வீட்டுக்குக் கூப்பிட்டு, சாட்சி வைத்து, கையெழுத்துப் போட்டு, மோதிரம் மாற்றி, கேக்கும் வெட்டுவோம். சட்டப்படி அன்றைக்கே புருஷன் பெண்சாதி. ஆனால் தாலி ஏறும்வரை மாப்பிள்ளை பொழுதுபடமுன் தன் பக்கத்துக்குப் போய்விட வேண்டும். அவருடைய அப்பாவின் ஆண்டுத்திவசம் முடியாததால் எங்களுக்கு ஆவணியில் எழுத்து, தையில்தான் தாலி.

விசா நேர்முகத்துக்குக் கொழும்பில் என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். "எழுத்தன்று இரவு உங்கள் கணவர் எங்கே தங்கினார்?" என்று கேட்டார். "வட்டுக்கோட்டையிலை, அவற்றை மாமி வீட்டை" என்றேன். எனக்குத் தெரிந்தது அதுதான். பிறகு அதே அதிகாரி சுகந்தனைத் தொலைபேசியில் பிடித்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். இந்த மனிசன் என்ன சொன்னார் தெரியுமா? "கோப்பாயிலை, மனைவியோடை."

அதற்குப் பிறகு கடிதம் வந்தது. இருவர் சொல்வதும் பொருந்தவில்லையாம், இது விசாவுக்காகச் செய்த கலியாணமோ என்று சந்தேகமாம். ஒரு மாதத்துக்குள் விளக்கம் தரவேண்டும். பொய் சொன்னதாகத் தீர்மானித்தால் ஐந்து வருசத்துக்கு மனுவே போட முடியாது. முப்பத்தாறோடு ஐந்தைக் கூட்டினால் என்ன வரும் என்று எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்லித் தெரியத் தேவையில்லை. வாசித்த அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுகந்தன் லீவு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "எங்கடை வழக்கம் அவைக்கு விளங்காது எண்டு பயந்திட்டன். கலியாணம் முடிச்ச அண்டு தனியப் படுத்தனான் எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்?" என்றார். சரி, பயந்த மனுசன். மாமியிடம் சத்தியம் செய்து கையெழுத்திட்ட ஒரு சத்தியக்கடதாசி வாங்கி, நடந்ததை எழுதி, இவரும் மன்னிப்புக் கேட்டால் முடிகிற காரியம் என்று நினைத்தேன். ஆனால் வட்டுக்கோட்டைக்குப் போவம் என்றால் மட்டும் ஆளுக்குத் தலையிடி வந்தது, வயிற்றுவலி வந்தது. திரும்பிப் போகிற நாளுக்கு முதல் நாள்தான் இழுத்து ஏற்றினேன். அதற்குள் என் மனம் கண்டதையும் நினைத்துவிட்டது. இந்த ஆளுக்கு வேறு எங்காவது ஒரு குடும்பம் இருக்கிறதோ? அந்த அதிகாரி சந்தேகப்படுவது சரிதானோ?

உரும்பிராய், இணுவில் கடந்து மானிப்பாய்க்குப் போகிற வீதி. செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு நாளென்றால் இறங்கி நின்று பார்த்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு சந்தியிலும் இவர் முகத்தைத்தான் பார்த்தேன். இவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டு அலுவலோ?" என்று ஓட்டோக்காரர் ரவி அண்ணை கண்ணாடிக்குள்ளால் கேட்டார்.

"ஓம் அண்ணை. விசா அலுவல்."

"மடியிலை கனமில்லாட்டி வழியிலை என்ன பயம், தங்கச்சி. கும்பிட்டிட்டுப் போங்கோ."

மடி என்னுடையது, கனம் ஆருடையது என்று எனக்கே தெரியாதபோது நான் என்னத்தைச் சொல்ல? சண்டிலிப்பாய், சங்கானை, சித்தங்கேணி என்று வந்து இடக்கைப் பக்கம் திரும்பியபோது எட்டு மணி ஆகிவிட்டது. பழைய கல்லூரி மதிலோரம் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த ஒழுங்கையில் மாமி வீடு.

மாமி என்பது சுகந்தனின் அப்பாவின் தங்கை. தாலிகட்டுக்கு வந்தவ, சபையில் கடைசி வரிசையில் இருந்துவிட்டுச் சாப்பிடாமல் போனவ. எனக்கு அவவைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். வாசலில் நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தா. பிறகு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னா. உள்ளே இருந்து அவவின் மகள் கௌரி தேத்தண்ணி கொண்டுவந்தாள். முப்பது தாண்டிய பெண், ஆசிரியை, பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்ட சேலையோடு நின்றாள்.

நான் கடிதத்தை எடுத்து விளக்கினேன். எழுத்தன்று இரவு இவர் இங்கே தங்கினவர் என்று மாமி ஒரு சத்தியக்கடதாசி தந்தால் போதும் என்றேன்.

"இதென்ன பெரிய காரியம்?" என்றா மாமி. "இஞ்சைதான் படுத்தவன். என்ரை அண்ணற்றை பிள்ளை வேறை எங்கை படுப்பான்? எங்கை கையெழுத்து வைக்கிறது?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் சொன்னதோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. இனி என்ன பயம்? திரும்பிப் பார்த்தால் சுகந்தன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார், தேத்தண்ணியைத் தொடவேயில்லை.

"அம்மா, பொய்க்குக் கையெழுத்து வைக்காதையுங்கோ" என்றாள் கௌரி.

"நீ உள்ளுக்குப் போ."

"போகேல்லை. இவர் வந்தவர். படலையிலை நிண்டு கூப்பிட்டவர். நாங்கள் லைற்றை நூத்துப்போட்டு இருந்தனாங்கள். அம்மா திறக்கேல்லை."

பிறகு சுகந்தன்தான் வாய் திறந்தார். சின்ன வயதிலிருந்தே சுகந்தனுக்குத்தான் கௌரி என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. மச்சாளை விட்டு வெளியில் முடித்தது மாமிக்கு ஆறவில்லை. எழுத்தன்று பின்னேரம் எங்கள் வீட்டிலிருந்து வெளிக்கிட்டவர் நேரே இங்கே வந்து, படலையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். சொந்த வீடு கனடா போகும்போதே விற்றாயிற்று. தாய் ரொறன்ரோவில்.

"அப்ப எங்கை படுத்தனீங்கள்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்தக் கொழும்பு அதிகாரியின் குரல்போலக் கேட்டது.

"தொண்டைமானாத்திலை. சந்நிதி முருகன் கோயில் மடத்திலை."

இது மூன்றாவது பதில். ஒரு இரவுக்கு மூன்று பதில். எந்தக் கந்தோரில் இதைக் கொண்டுபோய்க் கொடுப்பது?

"உந்தக் கதை ஒண்டும் வேண்டாம்" என்றா மாமி. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் எண்டு சொல்லுறவை. இது ஆயிரத்தோராவது. இஞ்சை படுத்தவன் எண்டே எழுதுங்கோ, நான் வைக்கிறன்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பொய் வேண்டும்போலத்தான் இருந்தது. சுகந்தன் பயத்தில் உளறிவிட்டார், மாமியே சாட்சி என்று கதையை முடித்துவிடலாம். ஆனால் நாளைக்கு அந்த அதிகாரி மாமிக்கே கோல் எடுத்துக் குறுக்குக் கேள்வி கேட்டால்? அதைவிட, ஒரு பொய் பிடிபட்டதற்கே இந்தப் பாடு. இன்னொன்றைச் சுமந்துகொண்டு விமானம் ஏறினால் அங்கே போயும் கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் நான் நடுங்க வேண்டும்.

"நடந்ததையே எழுதித் தாங்கோ மாமி" என்றேன்.

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தா. "அண்ணற்றை பிள்ளையை வாசலிலை நிப்பாட்டினனான் எண்டு என்ரை கையாலை எழுதித் தரவோ? பொய்க்கெண்டால் வைக்கிறன், பிள்ளை. அதுக்கு என்னாலை ஏலாது." எழுந்து உள்ளே போனா. அறைக்குள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

கௌரி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டாள். "வாங்கோ. நான் வைக்கிறன்."

சத்தியக்கடதாசிகளை எழுதி உறுதிப்படுத்துகிற சமாதான நீதவானின் வீடு அங்கிருந்து ஒரு கிலோமீற்றரும் இல்லை. ஓட்டோவில் மூவரும் நெருக்கி இருந்தோம், கௌரி நடுவில். ஆருக்கு இப்படி ஒரு பயணம் வாய்க்கும்? அவரைக் கட்டியவள் ஓரத்தில், கட்டுவாள் என்று ஊர் சொன்னவள் அவருக்குப் பக்கத்தில்.

"என்னிலை கோவமோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"இருந்தது. நீங்கள் இன்னும் இஞ்சையே நிக்கிறதாலை ஊர்ச்சனம் என்னட்டைத்தான் விசாரிக்குது, உங்கடை விசா என்னாச்செண்டு. கெதியாப் போய்ச் சேருங்கோ" என்றாள். சிரித்தாளோ என்று பார்த்தேன். பாதிச் சிரிப்பு.

சமாதான நீதவான் இளைப்பாறிய தபாலதிபர். தட்டச்சு செய்யமுன் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சட்டப்படி புருஷன் பெண்சாதி. பெண் வீட்டிலை நிக்கவும் ஏலாது, சொந்தக்காரர் கதவும் திறக்கேல்லை. வெள்ளைக்காரனுக்கு இதை எப்பிடியம்மா விளங்கப்படுத்துறது?"

"நடந்ததை எழுதுங்கோ ஐயா, விளங்கினால் விளங்கட்டும்" என்றேன். கௌரி தான் கண்டதை எழுதி ஒப்பமிட்டாள். சுகந்தன் தொலைபேசியில் சொன்னது பொய் என்று தன் கையெழுத்தாலேயே ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வரி அவரைக் காப்பாற்றவும் கூடும், எங்கள் இருவரையும் ஐந்து வருசம் பிரித்துவைக்கவும் கூடும். நீதவானுக்கே அது எது என்று தெரியாது. காசு வாங்கவில்லை. "முருகனை நம்புங்கோ" என்று மட்டும் சொன்னார்.

கௌரியைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டோம். கோப்பாய்க்கே திரும்பியிருக்கலாம். "தொண்டைமானாத்துக்கு விடுங்கோ அண்ணை" என்று நான்தான் சொன்னேன். சங்கானை, தெல்லிப்பழை, அச்சுவேலி வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். ஆயிரம் ரூபாய் கூடத் தருவதாகச் சொல்ல, ரவி அண்ணை வேண்டாமென்றுவிட்டார். அரைவாசிக் கதை அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

செல்வச்சந்நிதிக்குப் போய்ச்சேர மதியப் பூசை முடிந்திருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று மணலை அள்ளி வீசியது. மீன்பிடி வள்ளங்கள் கரையில் ஏற்றிக் கிடந்தன. மடத்தில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள், எங்களையும் இருக்கச் சொன்னார்கள். சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும். சாப்பிட்ட பிறகு சுகந்தன் விறாந்தையின் ஒரு மூலையைக் காட்டினார்.

"உதிலைதான். எழுத்துக்குக் கட்டின பட்டு வேட்டியோடை. ஆரோ ஒரு பாய் தந்தவை."

"ஹொட்டல் ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"எழுத்தண்டு மாப்பிள்ளை ஹொட்டலிலை நிக்கிறான் எண்டு ஊருக்குத் தெரிஞ்சால் உங்கடை வீட்டுக்கெல்லோ மானக்கேடு. இஞ்சை ஆர் கேக்கப்போறான்?"

"எனக்கெண்டாலும் ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே?"

"எடுத்தனான்" என்றார். "நீர் முதல் கேட்டதே, மாமி வீட்டை போய்ச் சேர்ந்திட்டியளோ எண்டுதான். பக்கத்திலை உம்மடை அம்மாவின்ரை சத்தமும் கேட்டது. ஓம் எண்டிட்டன்."

எனக்கு அந்தக் கோல் ஞாபகம் வந்தது. அம்மா பலகாரத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தா. நான் மருதாணிக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு, நல்லது, படுங்கோ என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் சொன்னதற்குச் சாட்சி அந்த மடத்தில் ஒருவருமில்லை. பாய் கொடுத்தவர் ஆரென்று அவருக்கே தெரியாது. விறாந்தையைப் படம் எடுத்தேன். வெறும் சீமெந்து நிலம். இதைப் பார்த்து ஒரு அதிகாரி என்ன நினைப்பார் என்று எண்ணியபோது காலையில் பிடித்த பயம் இன்னும் கூடியது.

மறுநாள் காலை யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் அவரை ஏற்றிவிட்டேன். பத்திரங்கள் அவருடைய பையில். ரொறன்ரோவில் அவருடைய சட்டத்தரணி மூலம் அனுப்புவதாக ஏற்பாடு. வண்டி நகர முதல், "மறுத்துப்போட்டால் என்ன செய்வம்?" என்று கேட்டார். முகம் வெளிறிப்போய் இருந்தது. யன்னல் கம்பியில் இருந்த அவர் கையை, அவ்வளவு சனத்துக்கு முன்னாலும், பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிக் கோப்பாய்க்கு பஸ்ஸில் வந்தேன். படலையைத் திறந்ததும் முன்னறை, நடுவறை, தையல் வகுப்பு நடத்துகிற பின்னறை எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. எழுத்தன்று இரவும் அவருக்கு ஒரு பாய் போட இடமிருந்து அப்படித்தான் கிடந்தன. பொழுதுபடுகுது, வெளிக்கிடச் சொல்லு என்று அம்மா சொன்னா. நான்தான் படலைவரை வந்து, சிரித்துக்கொண்டு, கையசைத்து அனுப்பினேன். கனடாக்காரர் எங்களைப் புருஷன் பெண்சாதி என்று நம்புவார்களோ என்று இரவு பகலாக நடுங்கிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நானே நம்பவில்லை.