நாலே வரிதானே

உனக்கு எதுக்குடி இந்த ஊர் விசாரணை? திருச்சுழியில பஸ்ஸவிட்டு எறங்குனமா, வந்த வேலையப் பாத்தமான்னு இல்லாம, "அந்த ஸ்டூல்காரரப் பாத்ததும் ஏன் அப்பத்தா முந்தானைய இழுத்து மூஞ்சிய மறைச்ச"ன்னு தொணதொணங்குற. உங்கப்பன் பெத்த பிள்ளைதானே, விடவா போற. சொல்லித் தொலைக்கிறேன். கேட்டுட்டு என்னைய மட்டமா நினைச்சா நினைச்சுக்க. நானே அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த ஆளு தாலுகா ஆபீசுக்கு எதுக்க, டீக்கடைத் தகரத்துக்குக் கீழ ஸ்டூலு போட்டு உக்காந்து மனு எழுதுறவரு. உன் சின்ன அப்பத்தாவுக்காகத்தான் மொத மொதல்ல அவருகிட்டப் போனோம். அவ புருசன், என் கொழுந்தன், முறுக்குக் கடை வேலைன்னு வடக்க போனவன்தான். ரெண்டு தீவாளிக்கு போன் வந்துச்சு. அப்புறம் இல்ல. ஒம்பது வருசம் ஆகிப்போச்சு. இன்னமும் பொட்டு வைக்காம வாசலத் தாண்ட மாட்டா. பட்டன் போன மாத்தித் தாரேன்னு உங்கப்பன் சொன்னதுக்கு, நம்பரு மாறிருமோன்னு பயந்து வேணாம்னுட்டா. முட்டு வலியில காட்டு வேலைக்கும் போக முடியல. தனியா நிக்கிற பொம்பளைகளுக்கு கவர்மெண்டு மாசாமாசம் பணம் தருதுன்னாக. அது கெடைச்சாத்தான் அவ ஒருத்தர் கைய எதிர்பாக்காம கஞ்சி குடிக்க முடியும். அதுக்குத்தான் மனு.

அந்த மனுசன் ஒரு பேப்பர எடுத்தாரு. எடது பக்கமா ஒரு மடிப்பு மடிச்சாரு. கண்ணாடியத் தொடைச்சாரு. பேனா மூடியத் தெறக்காமலே, "வீட்டுக்காரர் என்ன ஆனாரும்மா"ன்னு ஆரம்பிச்சாரு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"ஏப்பா, எழுதச் சொன்னா சம்பந்தம் பேச வந்தவன் மாதிரி கேக்குற. நாலே வரிதானே. அதுக்கு ஒரு ஸ்டூலு, ஒரு அட்டை, ஒரு கண்ணாடி. வாசல்ல கோலம் போடுறவகூட ஸ்டூலு கேக்கலையே."

டீ குடிச்சுக்கிட்டு நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. அவரு சிரிக்கல, கோவிக்கவும் இல்ல. மடிச்ச பேப்பர என் பக்கம் நீட்டி, "அப்ப நீங்களே எழுதுங்க ஆத்தா, இந்தாங்க பேனா"ன்னாரு.

சிரிப்பு கேட்ட தெம்புல வாங்கிட்டேன். மூணாப்பு படிச்சவ இல்லையா.

அவ சொல்லச் சொல்ல நான் எழுதுனேன். "இவுக வடக்க போயிட்டாக"ன்னா. நம்ம வீட்டுல அப்படித்தானே சொல்லுவோம், ஓடிட்டான்னு என்னைக்காவது சொல்லிருக்கோமா? ஆபீசுக்குப் போற எழுத்தாச்சேன்னு பள்ளிக்கூடத் தமிழ்ல போட்டேன். என் எழுத்து ஒண்ணொண்ணும் இட்லி தண்டி. பேப்பரு மளமளன்னு ரொம்புது. அம்புட்டுப் பேரு முன்னாடி நாலு வரின்னு சொல்லிட்டு அஞ்சாவது வரிக்குப் போனா என் மானம் என்னாகுறது? 'வடக்க'ங்கிறத விட்டுட்டேன். 'என் வீட்டுக்காரர் போய்விட்டார். பிள்ளை இல்லை. நாதி இல்லை. உதவி செய்யவும்.' நாலே வரி.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க ஆத்தா"ன்னாரு. "வாசிக்கத்தான் உள்ள ஆளு இருக்குல்ல"ன்னு சொல்லிட்டு, அவரு கண்ணுல படுற மாதிரி தூக்கிப் பிடிச்சுக்கிட்டே உள்ள போய்க் குடுத்தேன்.

ஒரு மாசம் கழிச்சுக் கூப்பிட்டாக. உள்ள இருந்த பொம்பளைப் பிள்ள நல்ல பிள்ளதான். உக்காரச் சொல்லி, எங்க மனுவப் பாத்துக்கிட்டே மெதுவாக் கேட்டுச்சு, "உங்க வீட்டுக்காரர் இறந்ததுக்கு சர்டிபிகேட்டு வேணும்மா. எப்பத் தவறுனாரு?"

எனக்குச் சட்டுன்னு வெளங்கல. உன் சின்ன அப்பத்தாவுக்கு வேற மாதிரி வெளங்கிருச்சு. கவர்மெண்டுக்குத் தகவல் வந்துருச்சு, நமக்குத்தான் யாரும் சொல்லலைன்னு நினைச்சுட்டா. சுருக்குப் பையிலருந்து அந்தப் பட்டன் போன எடுத்துப் பாத்தா. "எனக்கு யாரும் போன் அடிக்கலையே"ன்னா. அப்படியே தரையில உக்காந்துட்டா. முந்தானையால நெத்தியத் தொடைச்சா, பொட்டு ஒரு பக்கமா இழுவிப்போச்சு. தாலிக்கயித்துல கைய வச்சா பாரு, அப்பத்தான் ஓடிப்போயி அந்தக் கையப் பிடிச்சேன்.

"அடியே, அவன் சாகல. நான் எழுதுனதுதான் தப்பு. வடக்கங்கிறத விட்டுட்டேன்."

நிமிந்து பாத்தா. திட்டிருந்தாத் தேவல. "ஏங்க்கா விட்டீக"ன்னு மட்டும் கேட்டா. நாலு வரிக்குள்ள அடங்கலைன்னு எந்த வாயால சொல்ல?

வேற மனு தெளிவா எழுதிட்டு வாங்கன்னு அந்தப் பிள்ளையே சொல்லுச்சு. இவளக் கூட்டிக்கிட்டு அதே ஸ்டூலு முன்னாடி போய் நின்னேன். அந்த மனுசன் மூஞ்சியப் பாக்க முடியல, செருப்பத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். வாரு தச்ச செருப்பு. அவரு பழசு எதையும் எடுக்கல. பேப்பர மடிச்சாரு. "இவுக போயிட்டாக"ன்னு ஆரம்பிச்சா இவ. பேனா மூடியத் தெறக்காமலே, "போயிட்டாருன்னா எங்கம்மா போனாரு?"ன்னு கேட்டாரு.

அந்த ஒரு கேள்விதான். அன்னைக்கும் அங்கனதான் வந்துருப்பாரு. நான்தான் சம்பந்தம் பேசுறியான்னு கேட்டு வாய அடைச்சேன்.

எழுதி வாசிச்சாரு. 'என் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியவில்லை'ன்னு ஒரு வரி வந்துச்சு. "அப்படிப் போடாதீகய்யா"ன்னா இவ. அவரு பேனாவக் கீழ வச்சுட்டு ரோட்டயே பாத்துக்கிட்டு இருந்தாரு. அருப்புக்கோட்டை பஸ்ஸு வந்து, ஆள எறக்கி, அதுவும் போயிருச்சு. அப்புறம் புதுப் பேப்பரு எடுத்து மொதல்லருந்து எழுதுனாரு. 'என் கணவர் இருக்கும் இடம் எனக்குத் தெரியவில்லை.' இவ தலைய ஆட்டுனா. நெத்தியில மிச்சமிருந்த குங்குமத்த வெரலால சரி பண்ணிக்கிட்டா.

அதே 'தெரியவில்லை'தான். உசுரு மேல இருந்ததத் தூக்கி எடத்து மேல வச்சாரு, ஆளு பொழைச்சுக்கிட்டான். ஒத்த வார்த்தைய விட்டு நான் கொன்ன ஆளு.

மன்னிச்சுக்கய்யான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். "டீ சாப்புடுறியாப்பா"ன்னு வந்துச்சு. "நான் டீ குடிக்கிறதில்ல ஆத்தா"ன்னாரு, டீக்கடைத் தகரத்துக்குக் கீழ உக்காந்துக்கிட்டு. இப்ப மாசாமாசம் அவளுக்குப் பணம் வருதுல்ல, அது அந்த மனுவுக்கு வர்றதுதான்.

இதோட போயிருந்தா நான் ஏன்டி மூஞ்சிய மறைக்கப் போறேன்?

அன்னைக்குச் சாயங்காலம் ஊருக்குள்ள வாரோம், எங்களுக்கு முந்தி விசயம் வந்துருக்கு. பக்கத்து வீட்டுக்காரிக எல்லாம் தண்ணித் தொட்டிகிட்ட நிக்கிறாளுக. "என்னக்கா, இருக்கவனச் செத்துட்டான்னு மனு குடுத்தீகளாமே, எவன் எழுதுனது?"

உன் சின்ன அப்பத்தா என் பக்கத்துலதான் நின்னா, கையில பையோட.

"அந்த ஸ்டூல்காரன்தான்"னேன். "மொத மனுவத் தப்பா எழுதிப்புட்டான். நான் போயி சத்தம் போட்டு வேற எழுத வச்சேன்."

ஒருத்தியாவது சந்தேகப்படணுமே. "அதானே பாத்தேன்"னா ஒருத்தி. "நாலு வரி எழுதத் தெரியல, இவனுக்கு எதுக்கு ஸ்டூலு"ன்னா இன்னொருத்தி. நான் டீக்கடையில விட்ட அதே நக்கலு. எல்லாரும் சிரிச்சாளுக. உன் சின்ன அப்பத்தா பைய அந்தக் கைக்கு மாத்திக்கிட்டு வீட்டப் பாத்து நடந்துட்டா. நான் நின்னு, "ஆமா, கண்ணாடி வேற போட்டுருக்கான்"னு சொல்லி அவளுகளோட சேந்து சிரிச்சேன்.