யாரும் எழுப்பாத ராசா

உச்சிக்கல் தோட்டத்து மேல்டிவிசனில் போய் சின்னத்தம்பி வீடு எது என்று கேட்டால் சிறுசுகள் முழிக்கும். ராசா வீடு எது என்று கேட்டால்தான் கையை நீட்டிக் கடைசி லயத்தைக் காட்டும். அவருடைய அப்பா முத்துக்கருப்பனும் ராசா, தாத்தாவும் ராசா. மாரியம்மன் திருவிழாவுக்கு வீரகேது ராசாவாக வேஷம் கட்டி, ஆடி, பாடி, காட்டில் வெட்டுப்பட்டுச் செத்துப்போகிற குடும்பம் அது. வருசத்தில் ஒருநாள்தான் மகுடம். மற்ற நாளெல்லாம் தேயிலைச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போகிற ஆள். ஆனாலும் தேயிலைக்குள் நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால், அடுத்த மலையில் கொழுந்து பறிக்கிற பெண்டுகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தத் தொண்டைக்காகவே அவரைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவராகவும் ஆக்கி வைத்திருந்தார்கள்.

ராசாவைக் கூட இருந்தே கொல்கிற தளபதி துன்மதி. அந்த வேஷம் கஜேந்திரன் வீட்டுக்கு. கஜேந்திரன் அந்நியன் இல்லை. முத்துக்கருப்பனோடு கூடப்பிறந்த இருளாயி பெற்ற பிள்ளை, அதனால் அத்தை மகன். சின்னத்தம்பியின் ஒரே தங்கச்சி சண்முகவடிவைக் கட்டியவன், அதனால் மாப்பிள்ளை. இரண்டு பக்கமும் முடிச்சு விழுந்த உறவு.

இந்த நாடகத்தில் ஒரு கட்டு உண்டு. ராசா விழுந்ததும், ராணி வந்து ஒப்பாரி வைப்பாள். அது முடிந்ததும் துன்மதி வேஷக்காரன் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரோடு வருவான். விழுந்து கிடக்கிறவர் மேல் தெளித்து, வேஷத்துப் பெயரைச் சொல்லாமல், வீட்டுப் பெயரையும் முறையையும் சொல்லிக் கூப்பிட்டு, கை கொடுத்துத் தூக்கிவிடுவான். கொன்ற கைதான் எழுப்ப வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. எழுப்பாமல் விட்டால் சாவு நிஜச் சாவாகிவிடும் என்பார்கள். கஜேந்திரனின் பாட்டன் காலத்தில் ஒரு தடவை ஆலங்கட்டி மழை அடித்து எல்லாரும் ஓடியதில், எழுப்பாமலே விட்டுவிட்டார்களாம். அந்த வீட்டு வாசல் பீலிக்குழாயில் வந்த தண்ணீரைக்கூட ஒரு வருசம் ஊரில் யாரும் தொடவில்லை. அன்று ராசாவாக விழுந்தவரும் அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை. செத்த ராசாவுக்கு ஏது பட்டம்?

நான்கு வருசத்துக்கு முன்னால் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்துக்குக் கிலோ கூட்டிய தகராறு வந்தது. வேலைநிறுத்தம் என்று சனம், காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கூடி நின்ற காலையில், எங்கிருந்தோ ஒரு கல் வந்து, மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயாவின் நெற்றியைக் கிழித்தது. அந்த ஐயாவைத் தன் முதுகால் மறைத்து ஆபீசுக்குள் கொண்டுபோய் விட்டவர் சின்னத்தம்பிதான். அன்று பின்னேரமே பொலிஸ் வந்து, கல் விட்டவர் என்று அவரைத்தான் அள்ளிக்கொண்டு போனது. ஸ்டேசனில் அவரைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தபோது, உள் அறையில் ஒரு குரல் கேட்டது.

“மெயா தமய்.”

இந்த ஆள்தான் என்று சிங்களத்தில் சொன்ன குரல். எத்தனை வருசம் மேடையில் எதிரே நின்று பாடிய குரல் அது. அவருக்குத் தெரியாதா? கதவு திறந்தபோது கஜேந்திரனின் கை இவர் பக்கமாக நீண்டிருந்தது. அந்தக் கையையும் பார்த்தார்.

நுவரெலியா மறியல் சிறையில் கிடந்து, பிறகு வழக்கென்று அலைந்து, கோர்ட்டில் சாட்சி சொல்ல யாரும் வரவில்லை என்று அது தள்ளுபடியானது. வந்து பார்த்தால் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் துரை அவருடைய பேரை வெட்டியிருந்தார். தலைவர் நாற்காலியில் கஜேந்திரன். பெண்சாதி ஜீவராணியின் பேர் பதிவில் இருந்ததால் குடியிருந்த லயத்துக் காம்பரா மட்டும் தப்பியது. ரோட்டோரத்தில் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி லீக்ஸ் பயிர் போட்டுப் பிழைக்கத் தொடங்கினார். கஜேந்திரனோ, தான் ஸ்டேசன் வாசலைக்கூட மிதிக்கவில்லை என்று மகள் நிஷாந்தியின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தான். பெற்ற பிள்ளை தலையில் பொய்யாக அடிப்பானா என்று பாதிச் சனம் அவன் பக்கம். தங்கச்சியும் அந்தப் பக்கம்.

சின்னத்தம்பிக்குப் போன வேலையும் பெரிதில்லை, பதவியும் பெரிதில்லை. அவன் தன் வாயால், ஊர் கேட்க, அதைச் சொல்ல வேண்டும். அது ஒன்றைத்தான் அவர் நெஞ்சுக்குள் போட்டு ஊதிக்கொண்டே இருந்தார்.

கொரோனாவிலும் பஞ்சத்திலும் நின்றுபோன திருவிழா திரும்ப வந்தது. கோயில் கமிட்டியில் கஜேந்திரனின் ஆட்கள், ராசா வேஷத்தையும் மாற்ற வேண்டும் என்றார்கள். நாடக வாத்தியார் கந்தப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. தொர வெட்டினது செக்ரோல் பேரைத்தான், இது மாரியாத்தா கொடுத்த பேர் என்று சொல்லிவிட்டார். கடைசியில் கஜேந்திரனே வெற்றிலைத் தட்டோடு லயத்துக்கு வந்தான்.

“பழச மனசுல வெச்சுக்காதீங்க மச்சான். அடுத்த மாசம் புள்ளைக்குக் கல்யாணம். மாப்பிள வீட்டுக்காரங்க அக்கரபத்தனையிலருந்து ஆட்டம் பாக்க வர்றாங்க. தாய்மாமன் நீங்க மேடையில நின்னாத்தான் எங்களுக்கும் மருவாத.”

சின்னத்தம்பி வெற்றிலையை எடுத்துக்கொண்டார். “அதுக்கென்ன மாப்பிள. செத்துட்டாப் போச்சு.”

அவன் சிரித்துக்கொண்டே போனான். உள்ளே ஜீவராணி சட்டியை நங்கென்று வைத்தாள். ரோசம் என்று ஒன்று உடம்பில் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் பாக்கை மென்றுகொண்டே, வெட்டுறவனும் அவன், எழுப்புறவனும் அவன், போய்த்தான் பார்ப்போமே என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டியை எடுத்து அடுப்பில் ஏற்றினாள்.

முன்பு விடிய விடிய நடந்த ஆட்டம் அது. சிறுத்தை நடமாட்டம் கூடிப்போனதால் இப்போது மத்தியானச் சோற்றோடு தொடங்கி இருட்டுவதற்குள் முடித்துவிடுகிறார்கள். மேடையைப் பெரட்டுக் களத்தில் போட்டு, முன்னால் ஒரு மைக்கும் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் சம்பந்தி வீட்டார், அவர்கள் பக்கத்தில் பட்டுக் கட்டிய சண்முகவடிவு, நிஷாந்தி.

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்குச் சின்னத்தம்பி ஆடின ஆட்டம் அவர் அப்பாகூட ஆடினதில்லை. நம்பின தளபதியின் தோளில் கை போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடக்கிற கட்டத்தில் சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்தாள். கஜேந்திரன் பின்னால் வந்து வாளை ஓங்கினான். ராசா விழுந்தார். பலகை அதிர்ந்தது. ராணி வந்து அழுது போனாள். மலையிலிருந்து பனி இறங்கி மேடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

கஜேந்திரன் செம்போடு வந்து தண்ணீர் தெளித்தான்.

“மச்சான் சின்னத்தம்பி, எந்திரிங்க.”

அவர் அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான். அசையவில்லை. குனிந்து காதுக்குக் கிட்டே போனான்.

“மச்சான், தண்ணி தெளிச்சாச்சு.”

கண் மூடியபடி, உதடு பிரியாமல் அவர் கேட்டார். “ஸ்டேசன்ல என்ன சொன்ன?”

“இப்ப என்னத்துக்கு அது?”

“செத்தவன் கேக்குறேன். சொல்லு.”

“சம்பந்திக்காரங்க பாக்குறாங்க. மானம் போவுது மச்சான்.”

“எனக்குப் போனப்ப நீ பக்கத்துலதான நின்ன.”

மத்தளத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கஜேந்திரனுக்கு ஒட்டுத்தாடிக்குள் வேர்த்தது. “தப்புத்தான். தெரியாமப் பண்ணிட்டேன். போதுமா?”

“எனக்குக் கேட்டுருச்சு. அவுங்களுக்குக் கேக்கல. மைக்குல சொல்லு.”

அவன் நிமிர்ந்தான்.  பிறகு சட்டென்று வாளை உயர்த்தி, ராகம் இழுத்து, மன்னவனைக் காட்டிக்கொடுத்த மாபாவி நானே என்று பாடினான். சனம் கை தட்டியது. விசில் பறந்தது. புதுசாய்ப் பாட்டுக் கட்டியிருக்கிறான் பார் என்று யாரோ மெச்சிக்கொண்டார்கள். பாடி முடித்து மறுபடியும் கை நீட்டினான்.

கீழே கிடந்தவர் கட்டையாகத்தான் கிடந்தார்.

கந்தப்பன் வாத்தியாருக்கு விளங்கிவிட்டது. கையைக் காட்டி மத்தளத்தை நிறுத்தினார். “தாடிய கழட்டிட்டுப் பேசு தம்பி” என்றார்.  குழந்தைகள் இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது சண்முகவடிவு எழுந்து மேடைக்குக் கிட்டே வந்தாள். அவள் அண்ணனைப் பார்க்கவில்லை.

“புள்ள தலையில கை வெச்சுச் சொன்னீங்கள்ல. அன்னைக்கு ஸ்டேசனுக்குப் போனீங்களா, இல்லையா?”

அவன் அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் நிஷாந்தியைப் பார்த்தான். தாடியைப் பிய்த்துக் கீழே போட்டான். பசை இழுத்துக் கன்னம் சிவந்திருந்தது. பேசினபோது ராகமும் இல்லை, துன்மதியும் இல்லை. லயத்து வாசலில் பேசுகிற பேச்சுத்தான் மைக்கில் வந்தது.

“போனேன். கல்லு விட்டது யாருன்னு எனக்குத் தெரியாது. அடுத்த தலைவர் நீதான்னு ஆபீசுல ஆச காட்டுனாங்க. மெயா தமய்னு நாந்தான் சொன்னேன்.”

சண்முகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கஜேந்திரன் முழங்காலில் உட்கார்ந்து செம்பில் மிச்சம் இருந்ததையும் ஊற்றினான். “மச்சான் சின்னத்தம்பி, எந்திரிங்க” என்று கை நீட்டினான். இந்தத் தடவை அந்தக் குரலில் நிஜமான கெஞ்சல் இருந்தது.

சின்னத்தம்பி கண்ணைத் திறந்தார். மறியலில் படுத்திருந்த நாளெல்லாம் அவர் நினைத்திருந்தது இதுதான். அவன் சொல்லிவிட வேண்டும், தான் எழுந்துவிட வேண்டும், அதோடு தீர்ந்தது. ஆனால் மூக்குக்கு நேரே நீண்டிருந்தது அந்தக் கை. ஸ்டேசன் கதவு திறந்தபோது தன் பக்கம் நீண்ட அதே கை. அதைப் பார்த்ததும், இது காணாது என்று அவருக்குப் பட்டது. நெஞ்சு நிறையவில்லை. இன்னும் வேண்டியிருந்தது.

உள்ளங்கையைப் பலகையில் ஊன்றினார். தானாகவே எழுந்து நின்றார்.

“ராசா, கையப் புடிச்சிரு. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல” என்று கந்தப்பன் பதறினார்.

“ராசா செத்துட்டான் வாத்தியாரே. எழுப்ப ஆளில்ல.”

மகுடத்தைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டுப் படி இறங்கினார். சனம் விலகி வழி விட்டது. பிணத்துக்கு விடுகிற மாதிரி, சேலை நுனிகூட அவர்மேல் படாமல் விலகியது. இளவரசன் வந்து துன்மதியைப் பழிவாங்குகிற கடைசிக் கட்டத்தை அன்று ஆடவில்லை. மத்தளத்தை மூட்டை கட்டிவிட்டார்கள்.

மறுநாள் கஜேந்திரன் வீட்டில் கொடுத்த தேத்தண்ணியை யாரும் வாங்கவில்லை. மாதம் முடியுமுன் தலைவர் பதவி கிஷாந்த் என்ற பொடியனுக்குப் போனது. சம்பந்தி வீட்டார் நல்ல மனுசர்கள், பெண்ணை வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தத் தோட்டத்து மண்ணில் மட்டும் பந்தல் வேண்டாம், ஹட்டனில் மண்டபம் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். சண்முகவடிவு அண்ணனுக்குப் பாக்கு வைத்து அழைக்கவில்லை. தாய்மாமன் எங்கே என்று கேட்டவர்களிடம், செத்துப்போனார் என்று அழாமல் சொன்னாள். அது அவர் காதுக்கும் வந்தது.

கல்யாணத்தன்று காலையில் பெண் வீட்டு வேன் ரோட்டில் இறங்கியது. சின்னத்தம்பி லீக்ஸ் பாத்தியில் நின்றார். வேன் நின்றது. நிஷாந்தி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈர வரப்பில் தனியாக நடந்து வந்தாள்.

“ஆசி குடுங்க மாமா.”

அவர் ஓரடி பின்னால் போனார். “செத்தவன் ஆசி பலிக்காது தாயி.”

“எங்கப்பாவ நீங்க என்ன வேணும்னாலும் செய்யுங்க. அவரு பண்ணுனதுக்கு நானும் அவரோட பேசுறதில்ல. நான் என்ன மாமா செஞ்சேன்?”

அவர் மண்வெட்டிப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேனில் ஹோர்ன் அடித்தார்கள்.  அவள் திரும்பிப் போனாள், சேலை ஓரமெல்லாம் சேறு.

ஜீவராணி சோறு கொண்டுவந்தபோது, பிள்ளை அழகாகத்தான் இருந்தது என்று சொன்னார்.

“ஆசி குடுத்தீங்களா?”

“இல்ல. குடுத்தா அவன விட்ட மாதிரி ஆயிரும்.”

அவள் மூடியைத் திறக்காமல் சோற்றுச் சட்டியை வரப்பில் வைத்தாள். அவனைக் காறித் துப்பியவள் அவள். அவன் வீட்டு நிழலில்கூட நிற்காதவள்.

“அவன விட வேணாம். அதுக்காகப் புள்ளைக்கு மாமன் கெடயாதா?”

சின்னத்தம்பி கீழே போகிற ரோட்டைப் பார்த்தார். வேன் வளைவு தாண்டி மறைந்திருந்தது.

“கெடயாது” என்றார். மண்வெட்டியை எடுத்து, மிச்சம் கிடந்த பாத்திக்கு மண் அணைக்கப் போனார்.