அண்ணன் அளந்த சுவர்

என் தையல் டேப்பைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய், ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பின்சுவரை அண்ணன் அளந்த காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மண்சுவரைத் துளைத்து உள்ளே புகுந்து நகைப்பெட்டியை எடுத்துப் போயிருந்தார்கள். கன்னம் வைப்பது என்று அதற்குப் பெயர். அந்தத் துளை கீழே ஆள் நுழையும் அகலத்தில் இருந்தது. மேலே போகப் போகக் குறுகி, விளக்கு மாடம் போலக் கூராக முடிந்தது. உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். டேப்பைத் திருப்பி வாங்கத்தான் நான் பின்னாலேயே போனேன். அண்ணன் முகத்தைப் பார்த்தால் புதையல் கண்டவர் போல இருந்தது.

எழுபதுகளின் நடுவில் அவர் திருவண்ணாமலையில் சப்-இன்ஸ்பெக்டர். திருட்டுக் கேஸ்கள் அவர் பொறுப்பு. எம்.ஏ. சரித்திரம் படித்துவிட்டு, கல்லூரி வேலைக்கு அலைந்து அலுத்து, காக்கிச்சட்டை போட்டவர். நானும் படித்தது சரித்திரம்தான். பெண்கள் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சோற்றில் குழம்பு ஊற்றும்போதுகூட எங்கள் வீட்டில் வாக்குவாதம் நிற்காது. "தூணைப் பாத்து எந்த ராஜா காலம்னு சொல்றோம் இல்ல? அதே மாதிரி கன்னத்தைப் பாத்து எந்த வம்சம்னு சொல்லிடலாம் பாப்பா. எல்லாம் அப்பன்கிட்ட புள்ள கத்துக்கிறதுதான்" என்பார். பழைய போலீஸ்காரர்களைத் தேடிப் போய்க் கேட்டு, எந்தக் குடும்பம் எந்த வடிவத்தில் கன்னம் வைக்கும் என்று மனப்பாடமே செய்து வைத்திருந்தார். அந்தத் திருட்டுக்குச் சில வாரம் முன்னால் உள்ளூர் இலக்கிய மன்றத்தில் இதைப் பற்றிப் பேசினார். கரும்பலகையில் சாக்பீஸால் ஒவ்வொரு வடிவமாக வரைந்து காட்டியபோது, சபை வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மாட வடிவம் அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு கிழவருடையது. அவர் செத்து வெகுகாலமாயிற்று. அவருடைய பேரன் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைக்கான உத்தரவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை அது. உத்தரவு வருவதற்கு முன்பே கிரிவலப் பாதையில் கடை போட்டவர்கள் அவரை வாத்தியார் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அளந்த அன்று சாயங்காலமே வாத்தியாரை அண்ணன் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வாத்தியாருடைய அம்மா எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "ஐயா, அவன் தாத்தா மூஞ்சியக்கூட அவன் பாத்ததில்லங்க. எம்புள்ளைக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாதுங்க. இந்த வேலை போச்சுன்னா நாங்க மறுபடி மண்ணுதாங்க" என்றாள். அண்ணன் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "ரத்தத்துல வந்தது போவாதும்மா" என்றார். அண்ணன் யாரையும் கை நீட்டி அடிக்கிற ஆள் இல்லை. மற்றவர்கள் அடிக்கிற நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுகிற ஆள். மூன்றாவது டீக்குப் பிறகு வாத்தியார் ஒப்புக்கொண்டார்.

அன்று சாப்பாட்டில் நான் கேட்டேன். "கிழவர் நெஜமா எத்தனை கன்னம் வெச்சாரு, உனக்குத் தெரியுமா? வெள்ளைக்காரன் அந்த ஜனங்க மொத்தத்தையும் திருடன்னு சட்டம் போட்டு, ராத்திரி ஸ்டேஷன்ல படுக்க வெச்சான். எந்த வீட்ல திருட்டு நடந்தாலும் அவரு தலையில கட்டினான். உனக்குக் கதை சொன்னவங்க எல்லாமே போலீஸ்காரங்கதானே?" சரித்திரம் படிக்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சொல்கிறவன் யார் என்பது. அண்ணன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

வாத்தியார் ஜெயிலில் இருந்தபோது வேலை உத்தரவு வந்தது. அவருடைய அம்மா அதை எடுத்துக்கொண்டு வேலூரில் இருந்த ஜில்லாக் கல்வி ஆபீசுக்கும் இங்குமாக ஓடினாள். சேர வேண்டிய கெடு தாண்டிப் போயிற்று.

கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே, திருடு போன ஒட்டியாணத்தை வேலூரில் விற்கப் போய் மாட்டிக்கொண்டார் ஜவுளிக்கடைக்காரரின் தம்பி. சீட்டாட்டத்தில் தோற்றவர். அண்ணன் பேசிய கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். எந்த வடிவத்தில் சுவரைத் துளைத்தால் பழி யார் மேல் போகும் என்று அவருக்கு அண்ணனே வரைந்து காட்டியிருந்தார்.

கோர்ட் வாத்தியாரை விடுவித்தது. அந்த வேலையை அவருக்குத் திரும்ப வாங்கித் தர அண்ணன் பட்ட பாட்டை நான் பார்த்தேன். யூனிஃபார்மைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு வேலூருக்கு எத்தனையோ முறை பஸ் ஏறினார். "விடுதலை ஆனவருதான் சார், ஆனா கைதானவருன்னு இருக்குதே. மேல கேக்கணும்" என்றார்களாம் கல்வி ஆபீசில். மேலே போனால் கீழே கேட்கச் சொன்னார்கள். அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்து பாடமும் நடத்த ஆரம்பித்துவிட்டார். அண்ணன் கையில் சோற்றை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "அவனுக்கு எந்தச் சரித்திரமும் இல்லாம இருந்துது பாப்பா. நான்தான் ஒண்ணு உண்டாக்கிக் குடுத்துட்டேன்" என்று ஒருநாள் சொன்னார்.

அது வெறும் பேச்சு இல்லை என்பது போகப் போகத்தான் புரிந்தது. கார்த்திகை தீபத்துக்கு முன்னால், கூட்டத்தில் கைவரிசை காட்டிவிடுவார்கள் என்று பழைய ஆட்களைப் பிடித்துத் திருவிழா முடியும்வரை உள்ளே வைப்பது வழக்கம். வாத்தியார் அந்தப் பழைய ஆட்களில் ஒருவராகிவிட்டார். கோர்ட் விடுவித்தது யாருக்கும் நினைவில் இல்லை. பிடித்தது மட்டும் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் அண்ணன் போய்ச் சொல்லி மீட்டுக்கொண்டு வருவார். வேலையில் இருந்தவரை அது நடந்தது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் தீபத்துக்கு, முழங்கால் வலி என்பதால் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். புதிய அதிகாரி சின்ன வயசு. மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டார். "உங்களைப் பத்தி நெறைய சொல்லியிருக்காங்க சார். கன்னத்தைப் பாத்தே பரம்பரையக் கண்டுபுடிச்சவராச்சே. நீங்க புடிச்ச ஆளை நாங்க எப்படி சார் வெளிய விடறது?" என்றார். அண்ணன் அந்தக் கேஸின் முடிவைச் சொன்னார். திரும்பவும் சொன்னார். கையைக்கூடக் கூப்பினார். அதிகாரி சங்கடப்பட்டுச் சிரித்து, டீ சொல்லியனுப்பினார்.

வாத்தியார் அங்கேயேதான் இருந்தார். யாரும் வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று, துண்டும் மாற்று வேட்டியும் பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே தானாக வந்துவிட்டாராம். சுவரோரம் குந்தியிருந்தவர் அண்ணனைக் கண்டதும் பழக்கத்தில் எழுந்து நின்றார். தலையில் நரை. "உக்காருங்க வாத்தியாரே" என்றார் அண்ணன். வாத்தியார் உட்காரவில்லை, அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி தலையசைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.