மீசை போன புலியும் இரண்டு மொட்டைகளும்

கேம் சென்டர் வைத்திருக்கும் சகோதர சகோதரிகளே, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் சொகுசுத் தொழில் இது என்று ஊர் நினைக்கிறது. நம் வயிற்றெரிச்சல் நமக்குத்தானே தெரியும்!

திருத்தணியில் மலைக்குப் போகும் ரோட்டில் என் கடை. இருப்பது ஐந்து மெஷின். நாலு சும்மா ஒப்புக்கு. சோறு போடுவது தாளப்புலி ஒன்றுதான். பாட்டு ஓடும், திரையில் கலர் கலராக வெளிச்சம் இறங்கும், எதிரே இருக்கும் நாலு தட்டில் குச்சியால் தாளம் தப்பாமல் அடிக்கணும். சரியாக அடித்தால் முறுக்கு மீசை வைத்த ஒரு தொப்பைப் புலி குதித்துக் குதித்து ஆடும். பத்து வருஷமாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. கம்பெனிக்காரனுக்குப் பொறுக்குமா? அதே ஆட்டத்தைப் புதுசாகச் செய்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நெட் வழியாக மெஷினுக்குள் இறக்கிவிட்டான்.

முதல் போணி

காலையில் முதல் போணி எப்போதும் முனிரத்தினம் அண்ணன்தான். கே.ஜி.கண்டிகை ஆட்டோக்காரர். இந்தப் பக்கம் சவாரி வந்தால் ஒரு ஆட்டம் ஆடாமல் திரும்பமாட்டார். அவருக்கும் புலி மாதிரியே முறுக்கு மீசை. அதற்குத் தனியாகச் சீப்பு வைத்திருக்கிறார்.

அன்றைக்குக் குச்சியைத் தூக்கியவர் தூக்கியபடி நின்றார். திரையில் புலி இளைத்துப்போய், ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு, மூஞ்சி மழுமழுவென்று சிரித்துக்கொண்டிருந்தது. "அண்ணா, அதுவா அப்டேட் ஆயிடுச்சி, நான் ஒண்ணும் பண்ணலை" என்று அலறினேன். அவர் காதில் விழவே இல்லை. குச்சியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏங்க்கா, இந்தப் புலியோட நைனா தவறிட்டாரா?"

மச்சான் கட்சி

சாயங்காலம் கோவிந்தராஜ் வந்தான். முனிரத்தினத்தின் மனைவி சுசீலாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறான். நெற்றியில் விழுகிற முடிக்குச் செம்பட்டைக் கலர் அடித்திருப்பான். ஆட்டத்துக்கு நடுவிலும் மெஷின் கண்ணாடியில் அதைச் சரி பண்ணிக்கொள்ளாமல் இருக்கமாட்டான். அவனுக்குப் புதுப் புலியைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. "சூப்பரா கீதுக்கா! பாட்டெல்லாம் புதுசு, லைட்டெல்லாம் புதுசு!"

அவ்வளவுதான், கடை இரண்டாகிவிட்டது. இடது பெஞ்சில் பழைய புலிக் கட்சி, வலது பெஞ்சில் புதுப் புலிக் கட்சி. எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொன்ன பாலிடெக்னிக் பெண்ணுக்கு உட்காரவே இடம் கிடைக்கவில்லை. காய்கறிப் பையோடு எட்டிப் பார்த்த சுசீலா, "புலிக்கு மீசை இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? போய்ப் பொழப்பைப் பாருங்க" என்று இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனாள். அக்கா புருஷன் முனிரத்தினத்தை அவன் பாவா என்றுதான் கூப்பிடுவான். உன் பாவா பழசை விடமாட்டார் என்று நான் சொன்னதற்குக் கோவிந்தராஜ் சொன்னான்:

"பாவா ஆட்டோ மீட்டரையே இன்னும் போட்டுப் பாத்ததில்லக்கா, அவரு எங்க புதுசை ஏத்துக்கப் போறாரு?"

பம்பைக்காரர் அடித்த அடி

புதுப் புலிக்கு இன்னொரு கெட்ட குணம். பழைய புலி கொஞ்சம் முன்னே பின்னே அடித்தாலும் போகட்டும் என்று ஆடும். இது இம்மி பிசகினாலும் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு உதட்டைப் பிதுக்கும்.

மறுநாள் மத்தியானம், காவடிக்கு வாசித்துவிட்டு மலையிலிருந்து இறங்கிய பம்பைக்காரர் ஒருவர் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "குடும்மா குச்சிய" என்று வாங்கி அடித்தார் பாருங்கள், எனக்கே புல்லரித்தது. இரண்டு கட்சியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. புலி மட்டும் அசையவில்லை. திரை பூராவும் சிவப்புப் பெருக்கல். கடைசியில் 'மீண்டும் பழகவும்' என்று வேறு எழுத்து வந்து தொலைத்தது. நான் வெட்கத்தில் ஸ்விட்சை அணைக்க ஓடினேன். அவர் பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்:

"இருவது வருசமா என் அடிக்கு சாமியே வந்துகினு கீறாரு, இந்தப் புலிக்கு இன்னாம்மா கேடு?"

மாடியிலிருந்து ஒரு நோட்டீஸ்

பம்பைக்காரர் போனபிறகு சண்டை முற்றியது. அவரையே தப்பு என்று சொன்ன மெஷின் எதற்கு என்று ஒரு கட்சி, மெஷினே தப்பைக் கண்டுபிடித்த பிறகு என்ன பேச்சு என்று இன்னொரு கட்சி. தட்டில் அடிக்க வேண்டிய குச்சியால் பெஞ்சை அடித்தார்கள். மேலே தூங்கிக்கொண்டிருந்த பில்டிங் ஓனர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்; மத்தியானத் தூக்கம் மட்டும் ஒரு நாளும் தவறாது.

நான் கையைப் பிசைந்தேன். மலை ரோட்டில் இன்னொரு கடை எனக்கு யார் தருவார்கள்? இது போனால் நான் வீட்டில் உட்காரவேண்டியதுதான். அவர் கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"மீசை கதையெல்லாம் எனக்கு வாணாம்மா, ஆடிக் கிருத்திகைக்குள்ள இந்தச் சத்தம் அடங்கலைன்னா நீ கடையைக் காலி பண்ணிடு."

இரண்டு வேண்டுதல்

அன்றைக்கே கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன்: "ஐயா, தயவுசெய்து புலிக்கு மீசை வையுங்கள், இல்லாவிட்டால் என் கடை போய்விடும்." பிறகு மாமனையும் மச்சானையும் கூப்பிட்டுக் கெஞ்சினேன். கேட்டார்களா? இரண்டு பேரும் நடு ரோட்டுக்குப் போய் மலையைப் பார்த்து நின்றார்கள்.

"முருகா, மீசைப் புலியைத் திருப்பிக் குடு, மீசையோட சேத்து மொட்டை போடறேன்!" என்றார் முனிரத்தினம். "முருகா, புதுப் புலி போவாம பாத்துக்கோ, இந்தக் கலர் முடியே உனக்குத்தான்!" என்றான் கோவிந்தராஜ். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். எதிர் டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"முருகருக்கு இன்னாம்மா கவலை, யாரு ஜெயிச்சாலும் ஒரு மொட்டை நிச்சயம்."

கணக்கு தப்பியது

டீக்கடைக்காரர் சொன்னதும் தப்பாகப் போயிற்று. கிருத்திகைக்கு நாலு நாள் முன்னால் மெஷின் மறுபடியும் தானாக அப்டேட் ஆனது. ஊர் ஊராக என்னைப் போல எத்தனை பேர் அழுதார்களோ! திரையில் இப்போது இரண்டு பட்டன். ஒன்றை அமுக்கினால் தொப்பையும் மீசையுமாகப் பழைய புலி, இன்னொன்றை அமுக்கினால் ஜீன்ஸ் புலி. இரண்டு பெஞ்சும் ஓவென்று கத்தின. முனிரத்தினத்தின் கை மட்டும் மெல்ல மீசைக்குப் போனது. கோவிந்தராஜின் கை முடிக்குப் போனது.

"பாதிதான வந்துகீது பாவா, பாதி மொட்டை போதாதா?" என்று கேட்டுப் பார்த்தான். சாமியிடம் அதெல்லாம் நடக்குமா? போனார்கள். சந்தனம் அப்பிய இரண்டு மண்டைகள் திரும்பி வந்தபோது எது மாமன், எது மச்சான் என்று எனக்கே தெரியவில்லை. கோவிந்தராஜ் பாவாவின் மூஞ்சியை உற்றுப் பார்த்து, "உங்க நைனா நல்லாத்தான கீறாரு?" என்றான். அப்புறம் இருவரும் ஆளுக்கொரு குச்சியாகப் பிடித்துச் சமர்த்தாக ஆடினார்கள். சண்டைச் சத்தமே இல்லாததால் பயந்துபோய் ஓனர் இறங்கி வந்தார். இரண்டு மொட்டைகளையும் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்து, "இருந்துட்டுப் போம்மா" என்று மேலே ஏறிவிட்டார். அப்பாடா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் சுசீலா வந்தாள். புலிக்கு மீசை இருந்தால் என்ன என்று கேட்ட அதே சுசீலா. புருஷன் முகத்தைப் பார்த்தாள். திரையில் மீசையோடு ஆடும் புலியைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்து, பட்டனைக் காட்டி, நிஜமாகவே கவலையோடு கேட்டாள்:

"அக்கா, இத்த அமுக்கினா இவருக்கும் பழசு வருமா?"

புலிக்குப் போன ஒரு மீசையைத் திருப்பி வாங்க எங்கள் ஊரில் ஒரு மீசையும் இரண்டு தலை முடியும் செலவானது. நம் தொழிலில் இதற்குப் பெயர்தான் இலவச அப்டேட்.