இடது காலால் மிதித்த பிரேக்

என் கணவர் முப்பது வருடம் கார் மெக்கானிக்காக இருந்தவர். பல்லடம் ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் வைத்திருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரால் எழ முடியவில்லை. பக்கவாதம். வலது கையும் வலது காலும் செயலிழந்தன. பேச்சு முழுதாகப் போய், பிறகு பாதி திரும்பி வந்தது. ஷெட்டை வேறொருவருக்கு விட்டுவிட்டோம்.

நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறேன். டேபிளுக்கு வரும் ஒவ்வொரு பனியனையும் விரித்துப் பார்த்து, ஓட்டையோ தையல் விட்ட இடமோ எண்ணெய்க் கறையோ இருந்தால் ஒதுக்கிவைக்கும் வேலை. அவர் படுத்த பிறகு நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வாரம் இரண்டு நாள் அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கார் எங்களுடையதுதான். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன பழைய சின்னக் காரை அவரே சரிசெய்து வைத்திருந்தார். நான் ஓட்டும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பயமா, பார்க்கப் பிடிக்கவில்லையா என்று நான் கேட்டதில்லை.

போன கோடையில் ஒருநாள் வாசலில் உட்கார்ந்திருந்தவர் ஊன்றுகோலை நீட்டிக் காருக்கு அடியில் காட்டினார். மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

"கிராங்க் சீல்," என்றார். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தடுமாறுகிற நாக்கு அந்த வார்த்தையைச் சுத்தமாகச் சொன்னது. இஞ்சின் எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையம் அது.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். வண்டியை விட்டுவிட்டுப் போனால் நாலு நாளில் தருகிறோம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்குப் போயாக வேண்டும். என்ன செய்யலாம் என்று அவரிடம் கேட்டேன். "நாமளே பண்ணலாம்," என்றார்.

இரண்டு வருடமாக அவர் வாயிலிருந்து 'வேண்டாம்', 'போதும்', 'உடு' இவைதான் அதிகம் வந்துகொண்டிருந்தன. 'நாம' என்று சொல்லி வெகுநாளாகியிருந்தது. அதனால்தான் ஒத்துக்கொண்டேன். வேலை எனக்குத் தெரியும் என்பதால் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை பலகாரம் ஆனதும் ஆரம்பித்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வார், நான் செய்வேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வலது சக்கரத்தைக் கழற்றி, காருக்கு அடியில் கட்டைகளை அடுக்கினேன். சக்கரம் இருந்த இடத்தின் வழியே பார்த்தால் உள்ளே ஒரு வட்டமான புல்லி தெரிந்தது. அதன் நடுவில் ஒரே ஒரு பெரிய போல்ட். இஞ்சினின் முதுகெலும்பு மாதிரியான தண்டின் முனையில் அந்தப் புல்லி உட்கார்ந்திருக்கிறது. இஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும்.

போல்ட்டைக் கழற்றுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. நீளமான கம்பியை போல்ட்டில் மாட்டி, மறுமுனையைத் தரையில் முட்டுக்கொடுக்கச் சொன்னார். இஞ்சின் உயிர்பெறாதபடி ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டு, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி, சீட்டில் உட்கார்ந்து இடது கையால் சாவியை ஒரு சொடுக்குச் சொடுக்கினார். 'டக்' என்றது. போல்ட் இளகிவிட்டது. அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்துபோனதைப் பார்த்தேன்.

பெல்ட், மூடி எல்லாவற்றையும் கழற்றினோம். திரும்ப அதே மாதிரி மாட்டுவதற்காக, பல்சக்கரமும் பெல்ட்டின் பற்களும் சேரும் இடங்களில் குறி வைக்கச் சொன்னார். கம்பெனியில் பிழை காட்ட ஒட்டும் அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து வந்தேன். எண்ணெயில் அது ஒட்டவில்லை. கடைசியில் என் நெயில் பாலிஷால் குறி போட்டேன். பழைய சீல் வளையத்தை நெம்பி எடுத்து, புதியதைத் தட்டி உட்காரவைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபோது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. இனி அந்த நடு போல்ட்டை முடுக்குவதுதான் பாக்கி.

கழற்ற உதவிய இஞ்சின் முடுக்குவதற்கு உதவாது. அது ஒரு திசையில்தான் சுற்றும். போல்ட்டை நாம்தான் முடுக்க வேண்டும், ஆனால் கம்பியை அழுத்தினால் புல்லியும் சேர்ந்து சுற்றிவிடும். புல்லி அசையாமல் நிற்க வேண்டுமென்றால் வண்டியை கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போதாது. அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். இந்தக் கார் முன்சக்கரத்தில் ஓடுகிற கார்.

கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டு இதற்குத்தான் உட்காரவைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. "பிரேக்க மிதி, நாஞ் சொல்ற வரைக்கும் உட்றாத," என்பார். அடுப்பில் வைத்துவிட்டு வந்த பருப்பை நினைத்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருப்பேன். எதற்கு மிதிக்கிறேன் என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இப்போது அவர் சீட்டில் உட்கார்ந்து, வலது காலைக் கையால் தூக்கி பிரேக்கின் மேல் வைத்தார்.

"ஏனுங்க, முடியுமுங்களா?"

"முடுக்கு."

கம்பியில் ஒரு பைப்பைச் செருகி நீளமாக்கி, இரண்டு கையாலும் அழுத்தினேன். போல்ட் கொஞ்சம் முடுகியது. இன்னும் அழுத்தினேன். திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் போய், புல்லி சுற்றி, கம்பி கீழே இறங்கி, என் விரல் முட்டிகள் தரையில் இருந்த கல்லில் போய் மோதின. பெடலில் இருந்து அவர் கால் நழுவிவிட்டது.

நான் சத்தம் போடவில்லை. ஆனால் ரத்தம் வருவதை அவர் எட்டிப் பார்த்துவிட்டார். மறுபடியும் காலைத் தூக்கி வைத்தார். நானும் மறுபடி அழுத்தினேன். மறுபடியும் நழுவியது. மூன்றாம் முறை நான் கம்பியைத் தொடும் முன்பே அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கினார். என்னைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

பனியன் வேஸ்ட் துணியை விரல்களில் சுற்றிக்கொண்டு காரின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். இதை ஆரம்பித்திருக்கவே கூடாது என்று தோன்றியது. பிசியோதெரபியில் அவர் கால் மடங்காதபோது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். இங்கே அவர் கால் தோற்றதற்கு என் கை சாட்சியாகிவிட்டது.

பக்கத்து லைன் வீட்டில் ஒரு பீகார்க்காரர் குடியிருக்கிறார். நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். துணி காயப்போட வந்தவர் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, நான் உட்காந்து மிதிக்கட்டா? அஞ்சு நிமிஷ வேலை," என்றார்.

உண்மைதான், அஞ்சு நிமிட வேலை. அந்தத் தம்பி வந்து மிதித்திருந்தால் போல்ட் முடுகியிருக்கும், செவ்வாய்க்கிழமை காரும் ஓடியிருக்கும். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே இருப்பவருக்கு இது கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், "கொஞ்சம் இருங்க தம்பி, கூப்புடறேன்," என்றுதான் வந்தது.

எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை. உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஊன்றுகோல் சத்தம். முகம் கழுவிக்கொண்டு, செருப்பில்லாமல் வந்தார். என் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாந்தான்... முட்டாளு," என்றார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார். "பிரேக்குனா வலது காலு. முப்பது வருசம். பழக்கம். இப்ப கிளட்ச்சு வேண்டாமே. இடது காலு சும்மாத்தான இருக்குது."

எனக்கும் அது தோன்றவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இடது கால் கிளட்ச்சுக்கு மட்டும்தான், பிரேக் பக்கமே போகக்கூடாது என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

சீட்டில் ஏறி, உடம்பைச் சற்றுச் சாய்த்து, வெறும் இடது காலைப் பெடலின் மேல் வைத்தார். இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"முடுக்கு."

அழுத்தினேன். போல்ட் முடுகியது. இறுக இறுக, அந்தக் கம்பி வழியாக ஒரு மெல்லிய நடுக்கம் என் உள்ளங்கைக்கு வந்தது. முதலில் என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். கையைத் தளர்த்திப் பார்த்தேன், நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன், வந்தது. அது அவர் கால். பெடல், பிரேக், கியர், இஞ்சின் எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கால் படும் பாடு என் கைக்கு வந்துகொண்டிருந்தது.

"காலு வலிக்குதுங்களா?"

"இல்ல. முடுக்கு."

"நடுங்குதுங்க."

"தெரியுது. நீ முடுக்கு அம்மிணி."

முழு உடம்பையும் கம்பியின் மேல் போட்டேன். நடுக்கம் அதிகமாயிற்று. ஆனால் நழுவவில்லை. 'கிறீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்கு மேல் போல்ட் நகரவில்லை.

"போதும்," என்றார். அந்தப் போதும் வேறு மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி தானாகவே வந்து சக்கரத்தைத் தூக்கி மாட்டி நட்டுகளை முடுக்கிக் கொடுத்தார். அவருக்கும் சேர்த்துச் சோறு வடித்தேன். சாப்பிட்டு முடிக்கும் வரை என் கணவரின் இடது தொடை வேட்டிக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தம்பி போன பிறகு தைலம் தேய்த்துவிட்டபடி கேட்டேன். "அப்பவெல்லாம் நான் மிதிப்பேனே, என் காலு நடுங்கறதும் உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அப்பறம் ஏனுங்க ஒருநாளும் சொல்லல?"

யோசித்தார். வார்த்தைக்காகவா, பதிலுக்காகவா என்று தெரியவில்லை. "சொன்னா... நீ காலை எடுத்துருவே."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. அப்போதெல்லாம் தெரிந்துகொண்டே முடுக்கியிருக்கிறார். நான் அடுப்பை நினைத்துக்கொண்டு மிதித்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளில், கம்பியின் மறுமுனையில் ஒருவர் என் கால் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறார். அதைக் கவனிப்பு என்பதா, கல்நெஞ்சு என்பதா? நானும் அன்று அதைத்தானே செய்தேன். கால் நடுங்குவது தெரிந்தும் உடம்பைக் கம்பியின் மேல் போட்டேன்.

அதற்குப் பிறகு அவர் குணமாகிவிட்டார் என்று சொன்னால் பொய். வலது கை அப்படியேதான் இருக்கிறது. நாங்கள் போட்ட சீலில்கூட இரண்டு மாதம் கழித்து லேசாகக் கசிவு வந்தது. இந்த முறை வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு ஆட்டோவில் போய்வந்தோம். அவரே அப்படிச் செய்யலாம் என்றார். ஒர்க்‌ஷாப்காரர், போல்ட்டை யார் முடுக்கியது, கழற்றவே முடியவில்லை என்று கேட்டார். என் கணவர் என்னைக் கை காட்டினார்.

நாங்கள் சீல் மாற்றிய ஞாயிறுக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பிசியோதெரபிக்கு எங்கள் காரில்தான் போனோம். ரயில்வே பாலத்து ஏற்றத்தில் எனக்கு முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. நானும் நிறுத்தினேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், அவர் கண்ணை மூடவில்லை. இடது காலால் தன் பக்கத்துத் தரை விரிப்பை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார்.

"அங்க பிரேக் இல்லீங்க," என்றேன்.

"பஸ்ஸப் பாரு," என்றார்.